கோமாளிக்கு ஒரு மெட்டு, ஊருக்கு ஒரு தாளம்

சங்கரன்கோவில்,
ஆவணி முதல் வாரம்.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உங்கம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் கோமதியம்மன் சந்நிதிக்கு நடந்தே போய்வருகிறாள். ஆடித்தபசுக் கூட்டம் வடிந்து ரத வீதியில் மறுபடியும் ஆள் நடக்க இடம் கிடைத்திருக்கிறது. நீ அனுப்பிய பதிவைப் பகலில் கேட்க வழியில்லை. பக்கத்துத் தறிச் சத்தத்தில் பாதி வாத்தியம் காணாமல் போகிறது. தறி நின்ற பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ராத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

உன் வாத்தியார் ஒரு நாட்டுப்புறக் கதையை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதச் சொன்னதும், நீ நம் தோல்பாவைக் கூத்தின் உளுவத்தலையனை எடுத்துக்கொண்டதும் எனக்கு மெத்த சந்தோஷம். வாய் ஓயாமல் பேசியே பிழைக்கிற ஒரு எத்தனின் கதையை, ஒரு சொல்கூட இல்லாமல் வாத்தியத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். நான் ஆர்க்கெஸ்ட்ராவைக் கண்டவன் இல்லை. வாலிபத்தில் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவன், அவ்வளவுதான். ஆனாலும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் என்ன செய்தான் என்பதை வாத்தியம் சொல்லாது. வந்திருப்பது அவன்தான் என்று சொல்லும். அவன் வந்ததும் ஊர் எப்படிக் கலைகிறது என்று சொல்லும். மிச்சத்தைக் கேட்கிற ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீ அனுப்பிய ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டில் ஆய்லென்ஷ்பீகலின் குறும்புகள்' எனக்கு இதைத்தான் உறுதிப்படுத்தியது. டில் ஜெர்மன்காரர்களின் எத்தன். அவன் கதைகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரில் புத்தகமாக அச்சாகிவிட்டன. பிரவுன்ஷ்வைக் பக்கத்து கிராமத்தில் பிறந்து, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் மோல்ன் என்கிற ஊரில் 1350இல் செத்தான் என்று கதை. ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்கிறான். என்ன சுடட்டும் என்று கேட்கிறான். முதலாளி எரிச்சலில், ஆந்தையும் குரங்கும் சுடு என்கிறார். ராத்திரி முழுக்க மாவைப் பிசைந்து ஆந்தையும் குரங்குமாகச் சுட்டு அடுக்கிவிடுகிறான். சொன்னதைச் சொன்னபடி செய்தே சொன்னவனைச் சந்தி சிரிக்க வைப்பது அவன் வழி. நம் தெனாலிராமனுக்கும் இது கைவந்த கலை. கி.ரா. சேர்த்து வைத்த கரிசல்காட்டுக் கதைகளிலும் இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஸ்ட்ராஸ் முதலில் இதை ஓபராவாக எழுதத்தான் நினைத்தார். முட்டாள்கள் மட்டுமே வாழ்கிற ஷில்டா என்ற ஊருக்குள் டில் போய்ச் சேர்வதாக ஒரு திட்டம். அதைக் கைவிட்டு, பாட்டும் வசனமும் நீக்கி, வெறும் வாத்தியத்துக்கு மட்டும் சுமார் கால் மணி நேரத்துக்கு எழுதினார். 1895 நவம்பர் 5ஆம் தேதி கொலோன் நகரில், ஃபிரான்ஸ் வ்யூல்னர் நடத்த அரங்கேறியது. அப்போது ஸ்ட்ராஸுக்கு 31 வயது. கதையை ஆர்க்கெஸ்ட்ராவில் சொல்கிற வித்தையில் ஏற்கெனவே டான் ஹுவான் எழுதிப் பேர் வாங்கியிருந்தவர். அரங்கேற்றத்துக்கு முன்னால் வ்யூல்னர், கேட்க வருகிறவர்களுக்கு ஒரு கதைக்குறிப்பு கொடுங்கள் என்று கேட்டார். ஸ்ட்ராஸ் மறுத்துவிட்டார். எத்தன் போட்ட முடிச்சை அவர்களே அவிழ்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். எங்கெங்கே என்ன நடக்கிறது என்ற குறிப்பெல்லாம் அவர் வாயிலிருந்து பிற்பாடுதான் வந்தது.

நீயும் கதைச்சுருக்கம் அச்சடித்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். ஸ்ட்ராஸால் ஏன் மறுக்க முடிந்தது என்று யோசித்துப் பார். கொலோனில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு டில் யார் என்று சின்ன வயதிலேயே தெரியும். வில்லடியும் அப்படித்தான். வில்லடியில் எல்லார் கண்ணும் புலவர் மேல் இருக்கும். குடத்தடியில் உட்கார்ந்திருப்பவன் பார்ப்பது ஜனங்களின் முகத்தை. கொடைக்கு வருகிறவர்களில் சுடலைமாடன் கதை தெரியாதவர் யார்? கயிலாயத்து விளக்குப் பொறியில் பிறந்தது, சுடுகாட்டுக்குப் போனது, மலையாள நாட்டு மந்திரவாதியோடு மோதியது எல்லாம் அவர்களுக்குப் பாடம். அவர்கள் புதிதாகத் தெரிந்துகொள்ள வரவில்லை. தெரிந்தது எப்போது வரும் என்று காத்திருக்க வருகிறார்கள். வாத்தியத்துக்கு வேலை அந்தக் காத்திருப்பில்தான்.

காப்பு, குரு வணக்கம், அவையடக்கம், நாட்டுவளம் என்று வில்லுப்பாட்டு படிப்படியாகப் போகும். புலவர் சொல்லுக்கு இடப்பக்கத்தார் பின்பாட்டு எடுப்பார்கள். நாங்கள் ஆமாம் போடுவோம். சிரிக்கவும் வைப்பார், அழவும் வைப்பார். ஆனால் சாமி வருகிற கட்டம் வந்ததும் பார், கதை சொல்வது நின்றுவிடும். ஒன்றிரண்டு சொல்லே திரும்பத் திரும்ப வரும், அதுவும் தேயும். வீசுகோல் வில்லில் விழும் சத்தம், உடுக்கை, குடம், தாளம் மட்டும் ஓடும். வேகம் ஏறும். கோமரத்தாடி எழுந்திருப்பார். கதையின் உச்சத்தில் நாங்களும் வார்த்தையை விட்டுவிடுகிறவர்கள்தான். அந்த இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்குகிறது என்று வைத்துக்கொள்.

இனி ஸ்ட்ராஸ் கட்டிய விதத்தைப் பார்ப்போம். தொடக்கத்தில் வயலின்கள் மெதுவாக ஒரு சின்ன மெட்டை வாசிக்கின்றன. முன்னொரு காலத்தில் ஒருவன் இருந்தான் என்று கதைசொல்லி குரலைத் தாழ்த்திச் சொல்கிற மாதிரி. நமக்கு அது காப்பு. அடுத்து, ஒற்றைக் கொம்பு. டில் நடந்து வருகிறான். நீ இதை எத்தனை தடவை கவனித்தாயோ தெரியாது, தாளம் போட்டுப் பார். தாளக்கட்டு ஆறு மாத்திரை. கொம்பு வாசிக்கிற சொற்கட்டு ஏழு மாத்திரை. அதனால் அடுத்த முறை அதே சொற்கட்டு வரும்போது எடுப்பு ஒரு மாத்திரை தள்ளி விழுகிறது. அதற்கடுத்த முறை இன்னும் ஒன்று. தவில்காரர்கள் தாளம் போடுகிறவனைத் தடுமாற வைக்கச் செய்கிற அதே வேலை. மெட்டு கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, கை மட்டும் தப்புகிறது. இவனை நம்பி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது என்று நம் கையே நமக்குச் சொல்லிவிடுகிறது. அப்புறம் அந்தக் கொம்பு மேலே மேலே ஏறி, கடைசியில் படியில் உருண்டமாதிரி அடிமந்தரத்தில் போய் விழுகிறது. ஸ்ட்ராஸின் அப்பா ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ் மியூனிக் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் கொம்பு வாசித்தவர். வீட்டிலேயே கேட்டு வளர்ந்த வாத்தியத்தின் வயிறு வரைக்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு வருகிறது டி கிளாரினெட். சாதாரணக் கிளாரினெட்டைவிடச் சின்னது, சத்தம் கீச்சென்று இருக்கும். அது வாசிப்பது பழிப்பு. நம் கரகாட்டத்தில் குறவன் ஒன்று சொன்னால் நையாண்டி மேளத்து நாகசுரக்காரர் அதே தொனியை வாசித்துப் பழிப்புக் காட்டுவாரே, அதேதான். கிளாரினெட் நமக்கு அந்நியமும் இல்லை, ஏ.கே.சி. நடராஜன் அதில் கச்சேரியே செய்தவர். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இந்தக் கிளாரினெட் பழிப்பும் முதலில் வயலின்கள் பவ்வியமாக வாசித்த அந்தக் கதைத் தொடக்கமும் ஒரே சுர வரிசை. வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றியதும் பாட்டி கதை போக்கிரிச் சிரிப்பாகிவிட்டது. கொம்பு ஒரு பாதி, கிளாரினெட் மறு பாதி. இரண்டும் சேர்ந்து ஒரே ஆள். சங்கரநாராயணர் சந்நிதியில் வளர்ந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

ஆளை அறிமுகப்படுத்தியாயிற்று. இனி அவனுக்கு வேஷம் கட்டுகிற வேலை. சந்தைக்குள் குதிரையை விட்டுச் சட்டி பானையெல்லாம் நொறுக்குகிறான். அங்கே கிலுகிலுவென்று ஒரு மரக்கிலுக்கை சுற்றுகிறார்கள், சிஞ்சா அடிக்கிறது. அடுத்தது உன் வாத்தியத்துக்கு மரியாதை. சாமியார் வேஷம் போட்டுக்கொண்டு உபதேசம் பண்ணுகிறான். அந்த பக்தி மெட்டு வயோலாக்களிடம் இருக்கிறது. பக்தி ததும்பி வழிகிறது, ஆனால் இடையில் அவன் கால் கட்டைவிரல் அங்கிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. நடிப்புத்தான் என்று தெரிந்துவிடுகிறது. உபதேசம் முடிகிற இடத்தில் ஒற்றை வயலின் மேலேயிருந்து கீழே வழுக்கி வருகிறது. தன் முடிவைப் பற்றி ஒரு கணம் அவனுக்கே உதறல். பிறகு ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குகிறான். அதே மெட்டு இப்போது இழைந்து குழைகிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதே மெட்டு கோபத்தில் குதிக்கிறது. அப்புறம் பண்டிதர்கள். பசூன்களும் பாஸ் கிளாரினெட்டும் கட்டைக்குரலில் தலையாட்டிக்கொண்டு வாதம் பண்ணுகின்றன. அவர்களைக் குழப்பிவிட்டு, தெருவில் விசிலடிக்கிற ஒரு அற்பப் பாட்டோடு அவன் நழுவுகிறான்.

இத்தனையிலும் ஒரு சம்பவத்தையாவது கதை தெரியாத ஆள் சரியாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. சந்தை என்று ஸ்ட்ராஸ் நினைத்ததை நீ சண்டை என்று நினைக்கலாம். நஷ்டமில்லை. ஆனால் ஒவ்வொரு வேஷத்துக்குள்ளும் இருப்பது அவன்தான் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: சம்பவங்களைப் பட்டியல் போட்டு, இங்கே விழுகிறான், இங்கே அடிபடுகிறான் என்று சத்தம் சத்தமாகச் செய்துகொண்டு போகாதே. அது சினிமாவில் ஒருவன் வழுக்கி விழுகையில் போடுகிற பொய்ங் சத்தம் மாதிரி ஆகிவிடும். உளுவத்தலையனுக்கு ஒரே ஒரு மெட்டு செய். சின்னதாக, ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டு. கோணலாக ஒரு நடை கொடு. பிறகு எத்தனை வேஷம் வேண்டுமானாலும் கட்டு.

மெட்டு பாதி வேலைதான். இன்னொரு பாதி ஊர். எத்தனுக்கு ஊர் வேண்டும். ஒழுங்கே இல்லாத இடத்தில் எத்தன் என்ன செய்வான்? ஸ்ட்ராஸிடம் சந்தைக்கு ஒரு சத்தம், மடத்துக்கு ஒரு சத்தம், பண்டிதர் சபைக்கு ஒரு சத்தம், நீதிமன்றத்துக்கு ஒரு சத்தம் இருக்கிறது. எல்லாம் அதனதன் கெத்தில் இருக்கின்றன. அந்த ஷில்டா ஓபராவை அவர் கைவிட்டதும் நல்லதுக்கே என்று நினைக்கிறேன். முட்டாள்கள் ஊரில் எத்தன் ஜெயித்தால் அதில் என்ன இருக்கிறது? நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்து ஊழியம் செய்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில் குருவும் சீடர்களும் போட்டி போட்டு முட்டாள்கள். அங்கே ஒரு தெனாலிராமனைக் கொண்டுபோய் விட்டால் அவனுக்கு வேலையே இருக்காது. எதிரில் இருப்பவன் கெட்டியாக, கௌரவமாக இருந்தால்தான் வேட்டி அவிழும்போது சிரிப்பு வரும்.

உனக்கு அந்தக் கவலை இல்லை. உன் கோமாளிக்கு வாய்த்த ஊர் சாதாரண ஊரா? ராமாயணம்! தோல்பாவைக் கூத்துக்காரர்கள் முன்பெல்லாம் நம் பக்கத்துக் கிராமங்களில் கொட்டகை போட்டு ராத்திரி ராத்திரியாக ராமாயணம் நடத்துவார்கள். வீட்டுக்குள் மராத்தி பேசுகிற ஜனம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் திருநெல்வேலிக்காரர் தோற்றுப்போவார். ஒரே ஆள்தான் ராமருக்கும் சீதைக்கும் ராவணனுக்கும் குரல். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் துணை. ராமர் காட்டுக்குப் புறப்படுகிறார், அயோத்தியே அழுகிறது, கொட்டகையில் கிழவிகள் மூக்கைச் சிந்துகிறார்கள். அந்த நேரம் பார்த்து உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்குள் புகுந்து சோற்றுக்குச் சண்டை போடுவார்கள், ஊர்த்தலைவரை இழுப்பார்கள், அச்சில் ஏற்ற முடியாத பேச்செல்லாம் வரும். அழுத கிழவியே சிரிப்பாள். மறு நிமிஷம் ராமர் அதே துக்கத்தோடு நடந்து போவார். கதை எங்கும் அறுந்திருக்காது.

உன் உருப்படியின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ராமர் காடேகும் துக்கத்துக்கு ஒரு நீண்ட ராகம் பிடி. முகாரியோ, வேறெதுவோ, உன் மனசுக்குப் பட்டது. அதை செல்லோக்களிடம் கொடு. உளுவத்தலையன் நுழையும்போது அதை நிறுத்தாதே. எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். துக்கம் முடிந்தது, இனி நகைச்சுவை என்று பத்தி பிரிப்பார்கள். நீ அடியில் துக்கத்தை ஓடவிடு, மேலே கோமாளியின் மெட்டு துள்ளட்டும். ஒரு கட்டத்தில் துக்க மெட்டே தாளம் தப்பி அவன் நடைக்கு ஒரு அடி போடட்டும், உடனே சுதாரித்துக்கொள்ளட்டும். கொட்டகையில் அந்தக் கிழவிக்கு நடந்தது அதுதான்.

ஸ்ட்ராவின்ஸ்கி இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறார். ரஷ்யச் சந்தைகளின் பொம்மைக் கோமாளி பெத்ருஷ்காவை வைத்து அவர் எழுதிய பாலே 1911இல் பாரிசில் அரங்கேறியது. அதில் இரண்டு கிளாரினெட்டுகள் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு ஸ்வரக்கட்டில் ஒரே நேரத்தில் வாசிக்கும். நம் காதுக்குச் சுருதி பேதம் நாராசம். அங்கே அந்த நாராசம்தான் பொம்மையின் மனசு. உள்ளே அழுகை, வெளியே கோணங்கித்தனம். இதைக் கேட்டுவிட்டு எழுத உட்கார்.

ஹங்கேரிக்காரர் கோடாய் எழுதிய 'ஹாரி யானோஷ்' கிடைத்தால் அதையும் கேள். 1926இல் புடாபெஸ்டில் மேடையேறிய இசை நாடகம் அது. அதிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கென்று ஒரு தொகுப்பும் உண்டு. ஹாரி ஒரு பழைய சிப்பாய். கள்ளுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, நெப்போலியனைத் தனியாளாக ஜெயித்தேன் என்று அளக்கிறவன். அந்தத் தொகுப்பு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரு பெரிய தும்மல் போடுகிறது! ஒருவன் பேசும்போது கேட்பவன் தும்மினால் சொன்னது சத்தியம் என்று அங்கே நம்பிக்கையாம். நம் வீட்டில் தும்மினால் போகிற காரியத்தை நிறுத்தி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். சத்தியத்துக்கு நமக்குச் சாட்சி பல்லி. பேசிக்கொண்டிருக்கையில் பல்லி சொன்னால் உங்கம்மா விரலால் தரையைத் தட்டுவாளே, அது. கோடாய் தன் ஜனங்களின் நம்பிக்கையை நம்பித் தொடங்கினார். பாதி அவை அந்தத் தும்மலிலேயே சிரித்திருக்கும். நீ தும்மலைக் காப்பியடிக்காதே. உன் வயோலாவில் வில்லின் கட்டைப் பக்கத்தால் தட்டி ஒரு பல்லியைச் சொல்ல வைக்க முடியாதா? அளப்பு உச்சிக்குப் போகும்போது மூன்று தட்டு போதும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டிக்கும் அது புரியும்.

உடுக்கையும் உறுமியும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உடுக்கைச் சத்தம் கேட்டால் நம்மூர்க்காரன் முதுகு நிமிரும். அவனுக்கு அது சாமியை அழைக்கிற சத்தம். கோமாளிக்கு அது ஆகாது. இன்னொரு விஷயம், ஆர்க்கெஸ்ட்ரா நடுவில் ஒரு உறுமியை வைத்தால் இது கிராமம் என்று போர்டு மாட்டியது மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு மெட்டில் உழைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. என் குடத்தின் சத்தம் வேண்டுமென்றால் டபுள் பாஸ் நரம்பைச் சுண்டி எடு. வீசுகோல் வில்லில் பட்டுத் தெறிக்கிற சத்தத்துக்கு வயலின் வில்லையே நரம்பின் மேல் குதிக்க விடு. கலைவாணர் என்.எஸ்.கே. வில்லை எடுத்துக்கொண்டு காந்தி கதைக்குப் போனதையும், சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனதையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வில்லுக்குப் புது விஷயம் கொடுத்தார்கள். நீ பழைய விஷயத்துக்குப் புது வில் கொடுக்கப் போகிறாய்.

கடைசியாக, முடிவு. ஸ்ட்ராஸ் டில்லைத் தூக்கில் போடுகிறார். முரசு உருளுகிறது, நீதிமன்றம் கனத்த பித்தளைக் குரலில் கேட்கிறது, டில் அலட்சியமாகக் கிளாரினெட்டில் சீட்டியடிக்கிறான். மறுபடி கேட்கிறது, மறுபடி சீட்டி. பிறகு சீட்டி அலறலாகிறது. பித்தளை வாத்தியங்கள் ஒரே தாவலில் கீழே இறங்குகின்றன, கிளாரினெட் கடைசியாக ஒரு முறை கீச்சிட்டு உதறுகிறது, மூச்சு நிற்கிறது. பழைய கதைப் புத்தகத்தில் இப்படி இல்லை. அங்கே டில் நோயில் படுத்துச் செத்தான். குழிக்குள் இறக்கும்போது கயிறு அறுந்து பெட்டி செங்குத்தாக விழ, வாழ்க்கையிலும் கோணல், சாவிலும் கோணல் என்று நின்றபடியே புதைத்துவிட்டார்கள். ஸ்ட்ராஸுக்குத் தூக்குமேடை தேவைப்பட்டது. அது இல்லாமல் போனால் ஊரின் கெத்துக்கு அர்த்தமில்லை. தூக்குக்குப் பிறகு தொடக்கத்துக் கதைசொல்லி மெட்டு மெல்லத் திரும்ப வந்து, எல்லாம் கதைதானே என்று தேற்றுகிறது. அப்புறம் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் டில்லின் பழிப்பில் வெடித்து முடிகிறது. ஆளைக் கொல்லலாம், சிரிப்பைக் கொல்ல முடியாது என்று பொருள். பெத்ருஷ்காவும் வெட்டுப்பட்டுச் செத்து, ஆவியாகக் கூரைமேல் நின்று பழிப்புக் காட்டுகிறான்.

ஜெர்மானியருக்கும் ரஷ்யருக்கும் இது சரி. உளுவத்தலையனை நீ கொல்லாதே. காரணம் இருக்கிறது. செத்தவன் திரும்பி வருவது நம் ஜனங்களுக்குச் சிரிக்கிற விஷயம் இல்லை. நம் வில்லுக்கதைகளில் பாதி அதைப் பற்றியவை. முத்துப்பட்டன் வெட்டுப்பட்டுச் செத்தான். இன்றைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கிறான், ஜனங்கள் செருப்பு காணிக்கை கட்டிக் கும்பிடுகிறார்கள். நம்மூரில் அநியாயமாகச் செத்தவன் சாமியாகிவிடுவான். உன் கோமாளியைக் கொன்று எழுப்பினால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நீ எந்த மெட்டு வாசித்தும் பிரயோசனமில்லை. பாவைக் கூத்தில் அவன் சாகிறதே இல்லை. உதைபடுவான், ஓடுவான், மறுநாள் ராத்திரி அதே திரையில் வந்து நிற்பான். பட்டாபிஷேகத்தன்று எல்லாப் பித்தளையும் முழங்கி ராமர் சிங்காதனம் ஏறட்டும். அந்த முழக்கத்துக்கு இடையில் பந்திக்கு இடம் பிடிக்க ஒருவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்கட்டும். உன் முடிவு அதுவாக இருக்கலாம் என்பது என் யோசனை. எழுதுகிறவள் நீ.

முகாரி, ஏழு மாத்திரை என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டு போகிறேன் என்று நினைக்காதே. அளக்கிற வீட்டில் பிறந்தவள்தானே நீயும். காசு பணம் தேவையென்றால் கூச்சப்படாமல் எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஒரே ஒரு காரியம் செய். மெட்டு உருவானதும், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரிப்பதற்கு முன்னால், வயோலாவைத் தூக்கிக்கொண்டு பொதிகை ரயிலில் ஏறி வந்துவிடு. என்னோடு வில்லடித்தவர்களில் இருக்கிறவர்களை வீட்டுத் திண்ணைக்கு அழைக்கிறேன். கதையைச் சொல்லாதே, பேரையும் சொல்லாதே. முதலில் ராமர் மெட்டை வாசி, நடுவில் அவன் மெட்டை நுழை. கேட்கிறவர்களில் ஒருவராவது "வந்துட்டான்யா" என்று சொன்னால் மீதியை எழுது. யாரும் சொல்லாவிட்டால் மெட்டை மாற்று.

இப்படிக்கு,
உன் மாமா.